ஒரு பெரியாயி, ரெண்டு புருஷன் பேரு, மூணு சூராட்டு

பேரெல்லாம் மாத்திட்டேன், அத முதல்லயே சொல்லிடுறேன். சொந்தக்காரங்க படிப்பாங்க, நாளைக்கு ஏதாவது கல்யாணத்துல என்னைய பிடிச்சுக்குவாங்க. ஊரு, வருஷம், பேப்பர்ல இருந்த விஷயம் மட்டும் அப்படியே இருக்கு.

என் அப்பாவோட அப்பா, அதாவது தாத்தா, அவரோட அம்மாவ வீட்ல எல்லாரும் பெரியாயின்னுதான் சொல்வாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அவங்களுக்கு மூணு பிள்ளைங்க. பெரிய தாத்தா 1936ல பொறந்தவரு, எங்க தாத்தா 1941, கடைசியா அத்தைப்பாட்டி 1947. மொத ரெண்டு பேரும் இப்ப இல்ல, அத்தைப்பாட்டி மட்டும் பட்டர்வொர்த்துல மக வீட்ல இருக்காங்க. நாங்க மலேசியாவுல இருக்கறவங்க, எங்க அப்பா ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்தியா குடுக்கறது) எடுக்கணும்னு ஆரம்பிச்சாரு, அதுக்கு இந்தியாவுல பொறந்த ஆள்ல இருந்து நம்ம வரைக்கும் யாரு யாருக்கு பிள்ளைன்னு பேப்பர்ல சங்கிலி மாதிரி காட்டணும், சரி நான் பாத்து தரேன்னு வாய விட்டேன், அவ்வளவுதான் ஒரு வருஷம் போச்சு.

மூணு பேரோட சூராட் பெரானாக்கையும், அதான் பிறப்பு சட்டிபிகேட்ட, மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சப்பதான் விஷயமே தெரிஞ்சது. பெரிய தாத்தாவோடதுல அப்பா பேரு காத்தமுத்து சன் ஆஃப் வீரன், அம்மா அங்கம்மா, பதிஞ்ச இடம் பாரிட் புந்தார். எங்க தாத்தாவோடதுல அப்பா ராமசாமி சன் ஆஃப் வீரன், அம்மா அங்கம்மா, பதிஞ்சது நிபோங் தெபால். அத்தைப்பாட்டியோடதுல அப்பா ராமசாமி சன் ஆஃப் வீரன், ஆனா அம்மா பூவாயி. இதுவும் நிபோங் தெபால்தான்.

ஒரே அம்மா வயித்துப் பிள்ளைங்கன்னு நாங்க நம்பிக்கிட்டிருந்த மூணு பேருக்கு ரெண்டு அப்பா பேரு, ரெண்டு அம்மா பேரு.

அப்பாகிட்ட கேட்டேன். அவரு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "ஒரே ஆளுதான்மா, அந்தக் காலத்துல வீட்டுப் பேரு ஒண்ணு, சூராட்டு பேரு ஒண்ணு, காத்தமுத்துதான் ராமசாமி"ன்னு சொல்லிட்டாரு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. ரெண்டு பேருக்கும் அப்பா பேரு வீரன், அப்புறம் என்ன. எங்க வீட்லயே எங்க அத்தைக்கு மூணு பேரு இருக்கு. ஆனா அம்மா விஷயத்துல மட்டும் அப்பா வாய தொறக்கல. அப்புறமா அம்மாதான் அடுப்படியில வச்சு மெதுவா சொன்னாங்க, அத்தைப்பாட்டி பெரியாயி பெத்த பிள்ளை இல்லன்னு ஒரு பேச்சு உண்டாம், பூவாயின்னு ராமசாமிக்கு இன்னொரு தாரம் இருந்திருக்கா, அவ பிரசவத்துல போயிட்டா, பெரியாயி எடுத்து வளத்தாங்கன்னு. இத அத்தைப்பாட்டி காதுல யாரும் போட்டதில்லையாம். போட்டதில்லைன்னு இவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க, 78 வயசு ஆளுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு யாரு கண்டா.

அப்ப வீட்ல ஓடுற கதைப்படி ஆம்பளை பேரு ரெண்டு ஆனா ஆளு ஒண்ணு, பொம்பளை பேரு ரெண்டு ஆளும் ரெண்டு. இதத்தான் நானும் நோட்டுல மொத பக்கத்துல எழுதி வச்சேன். ரெண்டும் தப்பு.

கல்யாண சட்டிபிகேட்ட தேடலாமேன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அதுக்காக ஒரு நாள் லீவு போட்டு அலைஞ்சேன், வேஸ்ட். நம்ம ஆளுங்க கோயில்ல தாலி கட்டினா அது கல்யாணம், அதுக்கு மேல பதியணும்னு கட்டாயம் இல்ல. 1976ல போட்ட திருமண சட்டம் 1982 மார்ச் 1ல இருந்து அமலுக்கு வந்த பிறகுதான் பதிவு கட்டாயமாச்சு, ஒருத்தனுக்கு ஒருத்திங்கறதும் அப்பதான் சட்டமாச்சு, அதுக்கு முன்னாடி ஹிந்து ஆம்பளைங்க ரெண்டாந்தாரம் கட்டினா சட்டம் ஒண்ணும் கேக்காது. அதனால தோட்டத்துல 1930கள்ல, 40கள்ல நடந்த கல்யாணத்துக்கு பேப்பர் தேடுறது பெரும்பாலும் இல்லாத ஒண்ண தேடுறதுதான். பிள்ளைங்க சூராட்ட வச்சுத்தான் கல்யாணத்தையே யூகிக்கணும், இங்க அந்த சூராட்டே சண்டை போடுது.

இடத்தப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது. நிபோங் தெபால் பினாங்கோட தென்கோடி, அந்தக் காலத்துல ப்ராவின்ஸ் வெல்லஸ்லி. அங்க இருந்து காடி எடுத்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல பாரிட் புந்தார், அது பேராக். கிரியான் ஆத்துக்கு அந்தப் பக்கம் பண்டார் பாரு, அது கெடா. இப்ப மூணும் ஒரே ஊரு மாதிரி இருக்கு, மீன் வாங்க அங்க, கோப்பி குடிக்க இங்கன்னு போறோம். வெள்ளைக்காரன் காலத்துல ஒண்ணு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஒண்ணு ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ், ஒண்ணு ரெண்டுலயும் சேராத சுல்தான் ராஜ்யம். மூணுக்கும் தனித்தனி பதிவு ஆபீஸ், தனித்தனி புக்கு. ஒரு பொம்பளை ஒரு தோட்டத்துல இருந்து அஞ்சு மைல் தள்ளி இன்னொரு தோட்டத்துக்கு போனா, பேப்பர பொறுத்தவரைக்கும் வேற நாட்டுக்கே போன மாதிரி. இந்தப் பக்கத்துல வேர் தேடுறவங்க ஒரு ஊர்ல கிடைக்கலன்னா பக்கத்து ரெண்டு ஊரையும் பாக்காம விடக்கூடாது.

சரி, சூராட்டுக்கு வருவோம். நான் முதல்ல எல்லாரும் பாக்கற மாதிரி அப்பா பேரு, அம்மா பேரு, பொறந்த தேதி இதையேதான் திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டிருந்தேன். கோலாலம்பூர்ல இருக்கற என் தங்கச்சி, அவ இன்சூரன்ஸ் கம்பெனியில கிளெய்ம் பாக்கறவ, அவகிட்ட வாட்ஸாப்புல படம் அனுப்பினேன். அவ கேட்டது ஒரே கேள்வி. "இத யாரு வந்து சொல்லி எழுதினாங்க, எப்ப எழுதினாங்க?" அவளுக்கு அது தொழில் புத்தி. ஆக்சிடெண்ட் நடந்த அன்னைக்கே பாத்தவன் சொன்னதும், எட்டு மாசம் கழிச்சு மச்சான் வந்து சொன்னதும் அவளுக்கு ஒண்ணு இல்ல.

சூராட்டுல கீழ தகவல் சொன்னவர்னு ஒரு கட்டம் இருக்கும், பேரு, என்ன உறவு, எங்க இருக்காரு, பதிஞ்ச தேதின்னு. யாரும் அத படிக்கறதே இல்ல. படிச்சேன்.

பெரிய தாத்தாவோடது 1936, பொறந்து ரெண்டு வாரத்துல பதிவு, சொன்னவர் அப்பா காத்தமுத்து, பெருவிரல் ரேகை. அத்தைப்பாட்டியோடது 1947, பொறந்து அஞ்சாம் நாள் பதிவு, சொன்னது தோட்டத்து மருத்துவச்சி. எங்க தாத்தா பொறந்தது 1941. பதிஞ்சது 1949. சொன்னவர் ராமசாமி.

எட்டு வருஷம் கழிச்சு. அந்த எட்டு வருஷத்துக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு மலேசியாவுல எந்தத் தமிழ் வீட்லயும் விளக்க வேண்டியதில்ல. 1941 டிசம்பர் 11 பினாங்குல குண்டு விழுந்தது, 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ள வந்துட்டான். அப்புறம் சயாம், பர்மாவுக்கு ரயில் தண்டவாளம் போட தோட்டத்து ஆளுங்கள அங்க ஓட்டிக்கிட்டுப் போனான்.

சயாம் ரயில்னு சொன்னதும் பெரியப்பா ஞாபகம் வந்துச்சு, பெரிய தாத்தா மகன், பாரிட் புந்தார்ல இருக்காரு. போன் போட்டு "பெரியப்பா, நம்ம வீட்ல யாராவது சயாமுக்கு போனாங்களா"ன்னு கேட்டேன். "போனாங்கன்னுதான் எங்கப்பா சொல்வாரு, யாருன்னு சொல்ல மாட்டாரு. நீ வாம்மா, ஒரு மைலோ டின் இருக்கு, எல்லாம் அதுலதான் கிடக்கு"ன்னாரு.

டின்ல இருந்தது இதெல்லாம். பழைய ரெண்டு சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவங்களுக்கு குடுக்கற அடையாள அட்டை), எங்கயோ கட்டின வரி ரசீது, துருப்பிடிச்ச ஒரு கத்தி (கித்தா மரம், அதான் ரப்பர் மரம் வெட்டுறது, அத ஏன் டின்ல வச்சாங்கன்னு தெரியல), நாலா மடிச்ச ஒரு அட்டை, நூல்ல தைச்ச ஒரு நோட்டு.

அட்டைய பெரியப்பா பிள்ளைங்க முன்னாடியே பாத்திருக்காங்க, அரிசி கார்டுன்னும் தெரியும், ஆனா எந்த வருஷம்னு தெரியாம விட்டுட்டாங்க, ஏன்னா அதுல 2604னு முத்திரை அடிச்சிருக்கு, சீரியல் நம்பர்னு நினைச்சிருக்காங்க. அது வருஷம். ஜப்பான்காரன் இங்க இருந்தப்ப அவங்க கணக்குலதான் வருஷம் போடுவான், 660 கழிக்கணும். 2602ன்னா 1942, 2605ன்னா 1945. அப்ப இது 1944. வீட்டுத் தலைவர் பேரு அங்கம்மா. ஆள் 3.

நல்லா கவனிங்க. தலைவர் பொம்பளை. ஆள் மூணு, அவங்களும் ரெண்டு பிள்ளைங்களும். பெரிய தாத்தாவுக்கு எட்டு வயசு, எங்க தாத்தாவுக்கு மூணு. புருஷன் அந்த வீட்ல இல்ல. இதுல இன்னொரு லாபமும் இருக்கு, தாத்தா 1941ல பொறந்தாருன்னு 1949ல ராமசாமி சொன்னது பெருசா தப்பில்ல, 1944ல அவரு அரிசிக்கு கணக்குல வர்ற ஒரு ஆளா இருந்திருக்காரு. லேட்டா பதிஞ்ச சூராட்டுல வயச ரெண்டு மூணு வருஷம் ஏத்தி இறக்கறது சர்வசாதாரணம், அதனால எனக்கு அந்த பயம் இருந்துச்சு.

ஆனா இது மட்டும் வச்சு காத்தமுத்துவும் ராமசாமியும் வேற வேற ஆளுன்னு சொல்ல முடியாது. ஒரே ஆளு, ரெண்டு பேரு, சயாமுக்கு போனாரு, பொழைச்சு திரும்பி வந்தாரு, வந்தப்புறம் இன்னொரு பேர்ல வாழ்ந்தாருன்னு கூட சொல்லலாம். அப்படி வந்தவங்களும் இருக்காங்க. நானே அன்னைக்கு ராத்திரி அப்படித்தான் முடிவு பண்ணிட்டு தூங்கினேன், ரொம்ப அழகான கதையா வேற இருந்துச்சு.

அடுத்த நாள் பசியாறிட்டு நோட்ட பிரிச்சோம். மொய் நோட்டு.

மொத பக்கத்துல பிள்ளையார் சுழி, ஈஸ்வர வருஷம் ஆவணி மாசம், காத்தமுத்து மகன் காதுகுத்து மொய் விபரம்னு பெரிய எழுத்துல. எழுதினது யாரோ நல்லா படிச்ச ஆளு, கங்காணி வீட்டு கணக்குப்பிள்ளையா இருக்கும். தமிழ் வருஷம் அறுவதுக்கு ஒரு தடவ சுத்தி வரும், ஈஸ்வர வருஷம் 1937ல ஒண்ணு, 1877லயும் 1997லயும் ஒண்ணு, அதனால இது 1937 ஆகஸ்ட் செப்டம்பர். பெரிய தாத்தாவுக்கு ஒரு வயசு. வரிசையா பேரு, அப்பா பேரு, தோட்டம், தொகை. பெரும்பாலும் அரை வெள்ளி, கால் வெள்ளி (வெள்ளின்னா டாலர், நூறு சென்). அப்ப தோட்டத்துல ஆம்பளைக்கு நாள் சம்பளம் 50 சென், பொம்பளைக்கு 40 சென், அத மனசுல வச்சுக்கிட்டு படிச்சா ஒவ்வொரு வரியும் கனமா இருக்கு. அரை வெள்ளின்னா ஒரு முழு நாள் பால் வெட்டின காசு.

நாலாவது வரி: வீரன் மகன் ராமசாமி, 1 வெள்ளி.

பெரியப்பாவும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். தன் பிள்ளை காதுகுத்துக்கு தானே மொய் எழுதற ஆளு உலகத்துல கிடையாது. காத்தமுத்து விசேஷம் பண்றாரு, ராமசாமி வந்து மொய் வைக்கிறாரு, ரெண்டு நாள் சம்பளம். ரெண்டு ஆளு.

வீரன்னு பேரு இருக்கறவங்க அந்த வட்டாரத்துல நூறு பேரு இருப்பாங்களே, இந்த வீரனும் அந்த வீரனும் ஒண்ணான்னு நீங்க கேக்கலாம். கேக்கணும். நோட்டு அத தனியா சொல்லல. அத சொன்னது பெரியப்பாதான், அதுவும் சம்பந்தமே இல்லாத மாதிரி. நோட்ட மூடிட்டு உக்காந்திருந்தவரு திடீர்னு, "அதான் எங்கப்பா அவர சின்னையா சின்னையான்னே கூப்புடுவாரு. நாங்க எல்லாம் அது சும்மா செல்லமா கூப்புடறாருன்னு நினைச்சோம். உங்க தாத்தா அப்பான்னு கூப்புடுவாரு, எங்கப்பா சின்னையான்னு கூப்புடுவாரு. ஒரே வீட்ல." அவருக்கே குரல் மாறிப்போச்சு. சின்னையான்னா சித்தப்பா. அறுவது வருஷமா எல்லாரு காதுலயும் விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. 1943ல ஒருத்தருக்கு ஏழு வயசு, அப்பன் முகம் தெரியும், வேற ஆள அப்பான்னு கூப்புட வாய் வரல. இன்னொருத்தருக்கு ரெண்டு வயசு.

அப்ப நான் இத இப்படி வைக்கிறேன். காத்தமுத்து அண்ணன், ராமசாமி தம்பி. காத்தமுத்து பெரியாயிய கட்டினது 1936க்கு முன்னாடி. 1943ல தோட்டத் தோட்டமா ஆள் பிடிச்சு சயாமுல இருக்கற பான் போங்குக்கு ஏத்தினாங்க, அங்க இருந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம், அந்த வருஷம் அக்டோபர் 17ல முடிச்சாங்க, அதுக்குள்ள செத்த தமிழாளுங்க கணக்கு பல்லாயிரம், பேர் எழுதி வச்சவன் எவனும் இல்ல. காத்தமுத்துவுக்கு இறப்பு சட்டிபிகேட் இருக்காது, இருந்தா நான் அதத்தான் சந்தேகப்படுவேன். 1944 அரிசி கார்டுல பெரியாயி தனியா. சண்டை முடிஞ்சதும் சயாமுக்கு போனவங்கள்ல கொஞ்ச பேரு திரும்பினாங்க, இவரு திரும்பல. 1947ல அத்தைப்பாட்டி பொறந்தாங்க, அப்பா ராமசாமி. அதனால ரெண்டாவது கல்யாணம் 1944க்கும் 1947க்கும் நடுவுல. புருஷன் போயிட்டானா இல்லையான்னே தெரியாம கொழுந்தனுக்கு தாலி கட்ட குடுத்திருக்காங்க. அது எந்த கோயில், யாரு பேசி முடிச்சாங்க, பெரியாயிக்கு சம்மதமா, இதெல்லாம் எந்தப் பேப்பர்லயும் இல்ல.

1949ல ராமசாமி ஏன் தாத்தாவ தன் பிள்ளைன்னு பதிஞ்சாரு? அவருக்கு தன் பிள்ளைதானே, அவ்வளவுதான்னு விட்டுடலாம். ஆனா பதிஞ்ச இடம் எனக்கு உறுத்துச்சு. 1941ல குடும்பம் பேராக் பக்கம் இருந்திருக்கு, அரிசி கார்டே 1944ல பாரிட் புந்தார் பக்கத்து தோட்டத்துதான். சூராட்டுல மட்டும் பொறந்தது நிபோங் தெபால்னு இருக்கு. 1948 பிப்ரவரி 1ல மலாயா ஃபெடரேஷன் வந்துச்சு, அந்த ஒப்பந்தத்துல பினாங்கு, மலாக்காவுல பொறந்து இங்கயே தங்கின பிரிட்டிஷ் பிரஜைக்கு குடியுரிமை தன்னால வந்துடும். பேராக்ல பொறந்த தமிழ்ப் பிள்ளைன்னா அப்பா அம்மா எங்க பொறந்தாங்கன்னு கேள்வி வரும். 1948 ஜூன்ல கம்யூனிஸ்ட் சண்டையால அவசரகாலம் வேற, பன்னெண்டு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஐசி, பேப்பர் இல்லன்னா பெரட்டுல (தோட்டத்துல காலையில பேரு கூப்புடறது) நிக்கறதுக்கே பயம். ஆத்துக்கு அந்தப் பக்கம் பொறந்த பிள்ளைய இந்தப் பக்கம் பொறந்ததா ஒரு வரி மாத்தி சொன்னா அவன் காலத்துக்கும் பொழைச்சுக்குவான். ராமசாமி எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, ஆனா அப்படி யோசிச்சிருப்பாருன்னுதான் நான் நினைக்கிறேன். இதுக்கு ஆதாரம் இல்ல, என் சந்தேகம், அதனால குடும்ப மரத்துல எழுதல, ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். பெரிய தாத்தா 1936 பேராக் சூராட்டோட கடைசி வரைக்கும் சிவப்பு ஐசிதான் வச்சிருந்தாருங்கறதையும் பக்கத்துலயே எழுதியிருக்கேன்.

சித்தி ஒருத்தங்க டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடு, தாத்தா யாரு பிள்ளைன்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும்னு சொன்னாங்க. தெரியாது. அப்பாகிட்ட இருந்து மகனுக்கு அப்படியே போற ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தா அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே ஒய், காத்தமுத்துவா ராமசாமியான்னு அது பிரிக்காது. மத்த டெஸ்டுல எங்க அப்பாவையும் பெரியப்பாவையும் ஒப்பிட்டா, ரெண்டு தாத்தாவும் ஒரே அப்பா பிள்ளைன்னா சராசரியா 12.5 சதவீதம் ஒத்துப்போகணும், அப்பாங்க அண்ணன் தம்பின்னா சுமார் 9.4. சராசரிதான் அது, ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும், ரெண்டு கணக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழும். காசு குடுத்து குழப்பத்த வாங்கறதுக்கு சமம். அதுக்கு மேல, 1941ல புருஷன் உசிரோட வீட்ல இருக்கறப்ப பொறந்த பிள்ளைய பத்தி அப்படி ஒரு சந்தேகத்த கிளப்ப எனக்கு மனசு வரல.

பூவாயி பாக்கி இருந்துச்சு. பேச்சுல வந்த அந்த செத்துப்போன இளைய தாரம்.

தங்கச்சிதான் பெரியாயியோட இறப்பு பத்திரம் காப்பி எடுத்து அனுப்பினா. 1984. பேரு போட்ட இடத்துல அங்கம்மா, அப்புறம் அந்த @ குறி (இங்க பேப்பர்ல இன்னொரு பேருன்னு அர்த்தம்), அப்புறம் பூவாயி. நான் துள்ளிக் குதிச்சுட்டேன், ஒரே ஆளு, முடிஞ்சுதுன்னு. தங்கச்சி உடனே தண்ணிய ஊத்தினா. "சொன்னது யாரு பாரு. பெரிய தாத்தா. அவரு தங்கச்சி சூராட்டுல அம்மா பேரு பூவாயின்னு இருக்கு, நாளைக்கு அவங்களுக்கு பேப்பர்ல சிக்கல் வரக்கூடாதுன்னு ரெண்டு பேரையும் சேர்த்து சொல்லியிருந்தா?" சொல்லியிருக்கலாம்தான். ராமசாமி 1949ல பண்ணின மாதிரியே. இந்தக் குடும்பத்துல நல்ல மனசோட பொய் சொல்றவங்க ஜாஸ்தி.

திரும்ப மொய் நோட்டு. மறுபடி பாரிட் புந்தார் போகல, எடுத்து வச்ச போட்டோவத்தான் பெருசாக்கி பாத்தேன். நாங்க ராமசாமிய கண்டுபிடிச்ச சந்தோஷத்துல கடைசிப் பக்கத்த ஒழுங்கா படிக்கவே இல்ல. அங்க தாய்மாமன் சீர் தனியா எழுதியிருக்கு: பூவாயி அண்ணன், 5 வெள்ளி, கடுக்கன் ஒரு ஜோடி, வேட்டி ஒண்ணு. தாய்மாமன்னா பிள்ளையோட அம்மாவுக்கு அண்ணன். காது குத்தறது பெரிய தாத்தாவுக்கு. அவரு அம்மா சூராட்டுல அங்கம்மா, மொய் நோட்டுல பூவாயி, ஒரே பிள்ளைக்கு ஒரே வருஷ இடைவெளியில. அத்தைப்பாட்டி பொறக்கறதுக்கு பத்து வருஷம் முன்னாடியே பெரியாயிக்கு பூவாயின்னு பேரு இருந்திருக்கு. அத எழுதின கணக்குப்பிள்ளைக்கு 1947ல யாரு பொறக்கப் போறாங்கன்னு தெரிய வாய்ப்பே இல்ல, அதனால எந்த சிக்கலையும் சரி பண்ண அவரு எழுதல.

செக் ரோல்லயும் (தோட்டத்து ஆள் பதிவு) அரிசி கார்டுலயும் அங்கம்மா, வீட்லயும் சொந்தத்துலயும் பூவாயி. அஞ்சாம் நாள் போய் பதிஞ்ச மருத்துவச்சி லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) அவங்கள என்னன்னு கூப்புட்டாங்களோ அதையே சொல்லிட்டு வந்துட்டாங்க. இளைய தாரமும் இல்ல, பிரசவத்துல யாரும் சாகவும் இல்ல. எழுபது வருஷமா ஒரு ஆளுக்கு பின்னாடி ஓடின பேச்சு ஒரு மருத்துவச்சியோட வாய்ப்பழக்கத்துல இருந்து வந்திருக்கு.

நம்ம ஆளுங்கள இந்தியாவுல இருந்து கூட்டிக்கிட்டு வந்த ரஜூலா கப்பல் விஷயமும் இதுல ஒரு கிளை. வீரன் தன் ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு 1924ல ரஜூலாவுல வந்தாருன்னு அப்பா சொல்வாரு. ரஜூலா கட்டினதே 1926. இங்க யாரு வீட்ல கேட்டாலும் தாத்தா ரஜூலாவுலதான் வந்திருப்பாரு, அவ்வளவு பேரு அந்த ஒரு கப்பல்ல ஏற முடியாது. வருஷம் தப்பா கப்பல் தப்பான்னு இன்னும் பாக்கல, ரெண்டுல ஒண்ணு தப்பு. அப்பாவுக்கு கோவம்.

ஓசிஐக்கு இதெல்லாம் ஒண்ணுமே தேவைப்படலங்கறதுதான் வேடிக்கை. பேப்பர்ல எங்க தாத்தாவுக்கு அப்பா ராமசாமி, அந்த சங்கிலி நேரா போகுது, அதையேதான் குடுத்தோம். வீட்டு மரத்துல மட்டும் பெரியாயி பேருக்கு அந்தப் பக்கம் காத்தமுத்து, இந்தப் பக்கம் ராமசாமி. தாத்தாவுக்கு காத்தமுத்துகிட்ட இருந்து ஒரு கோடு, ராமசாமிகிட்ட இருந்து புள்ளி புள்ளியா ஒரு கோடு. ஆடி அமாவாசைக்கு அப்பா தர்ப்பணம் குடுக்கறப்ப ரெண்டு பேரு பேரையும் சொல்லலாமான்னு ஐயர்கிட்ட கேட்டாரு, அவரு தாராளமா சொல்லுங்கன்னுட்டாரு.

அத்தைப்பாட்டிகிட்ட போனோம். பூவாயி பேச்ச எடுக்கறதா வேண்டாமான்னு வழி பூரா அம்மாவும் அப்பாவும் சண்டை. கடைசியில நான்தான் பெரியாயிக்கு ரெண்டு பேராமே பாட்டின்னு மட்டும் ஆரம்பிச்சேன். "ஆமா, அங்கம்மான்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்புடுவாரு. எங்கப்பா பூவாயின்னுதான் கூப்புடுவாரு"ன்னு சொல்லிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. எல்லாம் தெரிஞ்ச பார்வையா சும்மா பாத்ததான்னு எனக்கு இன்னும் பிடிபடல. அப்பா சட்டுனு அரிசி கார்டு காப்பிய எடுத்து கையில குடுத்துட்டாரு.

கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஆள் மூணுன்னு இருக்கு. நான் எங்க?"

"நீங்க அப்ப பொறக்கல பாட்டி."

"அதானே பாத்தேன்"ன்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் பெருசா, எழுத்து தெரியற மாதிரி ஒரு காப்பி எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க.